மாலையில் விழுந்த கண்ணீர்: கதைப்பாட்டும் பெற்றோரை இழந்த பிள்ளையும்



இந்த நினைவுரை நம் கூத்து வாத்தியாரின் பெயரால் நடக்கிறது. அவரைப் புகழ்ந்து பேசுவது அவருக்கே பிடிக்காது. அவர் எனக்குச் செய்த ஒரு காரியத்தை மட்டும் சொல்லிவிட்டு, அதிலிருந்து எனக்குள் எழுந்த கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது அப்பா இறந்தார். அவர் பறையடிப்பவர். போளூர் பக்கம் எங்கள் ஊர். சுற்று வட்டாரத்தில் அவருடைய பறை இல்லாமல் பாடை எழும்பியதில்லை. அவர் செத்த அன்று பங்காளிகள் வந்து அடித்தார்கள். அம்மாவும் அத்தைகளும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். நான் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகை வரவில்லை. "பையன் கல்லு மாதிரி நிக்கறான் பாரு" என்று ஒரு பாட்டி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. பாடை கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் மற்றப் பிள்ளைகளோடு போய்க் கோலி ஆடினேன். அதற்கு முதுகில் ஒன்று வாங்கினேன்.

கருமாதிக்கு முதல் நாள் ராத்திரி வாத்தியார் தன் ஜமாவோடு வந்து 'கர்ண மோட்சம்' ஆடினார். காசு வாங்கவில்லை. விடிகிற நேரத்தில் கர்ணன் சாய்ந்தான். குந்தி வந்து அவன் தலையை மடியில் எடுத்து வைத்து அழுதாள். அப்போதுதான் எனக்கு உடைத்துக்கொண்டு வந்தது. அத்தனை நாள் அழாதவன் மண்ணில் புரண்டு அழுதேன். வேஷம் கலைத்த வாத்தியார், முகத்தில் அரிதாரம் பாதி அப்பியிருக்க, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் அவரிடம் கேட்டது ஒரே சொல்: "அப்புறம்?"

"அப்புறம் என்னடா, ஏரிக்கரைக்குப் போவணும். உங்கப்பனுக்கு நீதான் காரியம் பண்ணணும். வா, மூஞ்சக் கழுவு" என்றார்.

ஒப்பாரியில் வராத அழுகை கதையில் ஏன் வந்தது? இதுதான் என் கேள்வி. இத்தனை வருஷம் படித்ததையும் பார்த்ததையும் வைத்து இதற்குப் பதில் தேடுகிறேன்.

ஒப்பாரியில் பிள்ளைக்கு இடம் எங்கே?

ஒப்பாரியைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. நம் பெண்கள் தங்கள் வாழ்க்கை வழக்கையெல்லாம் வாய்விட்டுச் சொல்லக் கிடைத்த சபை அது. கட்டியவனைக் குற்றம் சொல்லலாம், அண்ணன் தம்பியைக் கேள்வி கேட்கலாம், ஊரையே ஏசலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் அதன் அமைப்பைக் கவனியுங்கள். ஒப்பாரி செத்தவரை நேருக்கு நேர் விளித்துப் பாடுவது. முன்பின் என்ற வரிசை அதில் இல்லை. கல்யாண நாளும் காடு சேரும் நாளும் ஒரே மூச்சில் வரும். வாழ்ந்து பார்த்தவர்களால்தான் அதைத் தொடுத்துக்கொள்ள முடியும். பிள்ளையும் அந்தப் பாட்டில் வருவான், "விட்டுட்டுப் போனியே" என்று சுட்டிக்காட்டப்படுகிறவனாக. அவன் பாடுவதில்லை. அவனைப் பற்றிப் பாடுகிறார்கள்.

கதைப்பாட்டு வேறு மாதிரி. அது மூன்றாம் ஆளைப் பற்றிப் பேசும். ஒன்று நடந்தது, அதனால் இன்னொன்று நடந்தது என்று வரிசையாகப் போகும். பிள்ளை அந்த மூன்றாம் ஆளுக்குப் பின்னால் ஒளிந்து நின்று தன் துக்கத்தைப் பார்க்கலாம். 'என் அப்பா' என்று சொல்ல வாய் வராதவனால் 'கர்ணன்' என்று சொல்ல முடியும். "அப்புறம்?" என்று கேட்கவும் முடியும். செத்த வீட்டில் எந்தப் பிள்ளைக்கும் மனதில் ஓடுகிற கேள்வி அதுதான். இனி சோறு யார் போடுவது, பள்ளிக்கூடம் உண்டா, அம்மாவும் போய்விடுவாளா என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது.

அழுகையை மறந்த பிள்ளைகள்

நான் கோலி ஆடியதற்கு வருவோம். அது கல்நெஞ்சமா? நம் மலையிலிருந்து சுமார் 35 கிலோமீட்டரில், தென்பெண்ணைக் கரையில் இருக்கிறது திருக்கோவிலூர். சங்க காலத்தில் அது மலையமான்களின் ஊர். சோழன் கிள்ளிவளவன் தன் பகைவனான மலையமானின் சின்னஞ்சிறு பிள்ளைகளைப் பிடித்து வந்து, யானைக் காலில் இடப் போனான். கோவூர் கிழார் என்ற புலவர் குறுக்கே நின்று பாடித் தடுத்தார். அது புறநானூற்றின் 46ஆவது பாட்டு.

அந்தப் பாட்டில் அவர் சொல்லும் ஒரு விஷயம் என்னை உலுக்கியது. பிள்ளைகள் முதலில் அழுதுகொண்டிருந்தார்கள். யானையைப் பார்த்ததும் அந்த வேடிக்கையில் அழுகையை மறந்துவிட்டார்கள். பிறகு கூடியிருந்த அறிமுகமில்லாத கூட்டத்தைப் பார்த்து மருண்டார்கள். தங்களைக் கொல்ல நிற்கும் யானையே அவர்களுக்கு வேடிக்கையாக இருக்கிறது.

பிள்ளைத் துக்கம் இப்படித்தான் விட்டு விட்டு வரும். அழும், ஆடும், பசிக்கும், மறுபடி நினைவு வரும். பெரியவர்களின் துக்கம் ஆறு மாதிரி ஓடினால், பிள்ளைகளுடையது மழைக்காலத்துக் குட்டை மாதிரி. ஒன்றில் கால் வைத்துத் தாண்டி, கொஞ்ச தூரம் காய்ந்த மண்ணில் ஓடி, மறுபடி ஒன்றில் விழுவார்கள். இங்கிலாந்து உளமருத்துவர் ஜான் பௌல்பி 1980இல் இழப்பைப் பற்றி எழுதிய நூலில், பிள்ளைகளாலும் முறையாகத் துக்கம் காக்க முடியும் என்று வாதிட்டார். அதற்குச் சில தேவைகளையும் சொன்னார். நடந்ததை உடனே, உண்மையாகச் சொல்ல வேண்டும். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். சடங்கில் பிள்ளையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நம்பிக்கையான ஒருவர் கூடவே இருக்க வேண்டும். பௌல்பியைப் படித்தபோது எனக்கு ஏரிக்கரைதான் நினைவுக்கு வந்தது. வாத்தியார் அவரைப் படித்தவர் இல்லை. ஆனால் மூஞ்சியைக் கழுவச் சொல்லிக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார்.

சாவு வீட்டில் ஏன் கர்ணன்?

செய்யாறு, வந்தவாசி, ஆரணி, போளூர் என்று நம் மாவட்டம் முழுக்கக் கூத்து மண். கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். கருமாதிக்கென்றால் பெரும்பாலும் கர்ண மோட்சம். எத்தனையோ கதை இருக்க, துக்க ராத்திரிக்கு இதை ஏன் வைத்தார்கள்?

கர்ணன் செத்தவன் மட்டுமல்ல, தாயை இழந்த பிள்ளையும்தான். பிறந்த அன்றே பெட்டியில் வைத்து ஆற்றில் விடப்பட்டவன். தேரோட்டி வீட்டில் வளர்ந்ததால் சபைதோறும் பிறப்பைச் சொல்லி இழிவுபடுத்தப்பட்டவன். யுத்தத்துக்கு முன் குந்தி வந்து 'நான்தான் உன் தாய்' என்கிறாள். கர்ணன் அவளிடம் ராஜ்யம் கேட்கவில்லை. தான் களத்தில் விழுந்ததும் ஊரறிய மடியில் எடுத்து 'இவன் என் மகன்' என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவன் கேட்பது. கதை அந்த இடத்தை நோக்கியே ராத்திரி முழுக்க நடக்கிறது.

பறையடிப்பவன் மகனுக்கு இந்தக் கதை எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசியுங்கள். ஊர்ச் சாவுக்கெல்லாம் அடித்த என் அப்பனை எந்த வீட்டுத் திண்ணையிலும் உட்கார வைத்ததில்லை. அவர் செத்தபோது ஊர்த் தெருவிலிருந்து யாரும் எங்கள் பந்தலுக்குள் வரவில்லை. கூத்தில் கர்ணனை மடியில் எடுத்தபோது, என் அப்பாவை யாரோ சபையறிய மடியில் எடுத்ததாகத்தான் எனக்குத் தோன்றியது. இதை விளங்கிக்கொள்ள எனக்கு முப்பது வருஷம் ஆயிற்று. அழுவதற்கு அந்த ஒரு ராத்திரி போதுமானதாக இருந்தது.

மணிமேகலை ஒட்டுக்கேட்ட கதை

கூத்திலிருந்து காப்பியத்துக்குப் போகிறேன். தகப்பனை இழந்த பிள்ளையின் கண்ணீரில் தொடங்கும் பெருங்கதை ஒன்று தமிழில் உண்டு. அது மணிமேகலை. சாத்தனார் பாடிய பௌத்தக் காப்பியம், 30 காதைகள், முழுவதும் ஆசிரியப்பா. உ.வே.சாமிநாதையர் 1898இல் பதிப்பித்தார். அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கியதும் அதே ஆண்டுதான். பிறகு 1907இல் தொடங்கிய தம் 'ஒரு பைசாத் தமிழன்' இதழில், நம் முன்னோர் வரலாற்றுக்கு மணிமேகலையைச் சான்றாகப் பலமுறை எடுத்தாண்டார். ஆகவே இது நமக்கு அயல் நூல் இல்லை.

கதை இப்படி. கோவலனைக் கள்வன் என்று பொய்யாகக் குற்றம் சாட்டி மதுரையில் பாண்டியன் கொன்றுவிட்டான். கண்ணகி மதுரையை எரித்துவிட்டு மறைந்தாள். புகாரில் இருந்த மாதவி ஆடலை விட்டுத் துறவுக்குப் போனாள். இந்திர விழாவுக்கு ஆட வரவில்லையே என்று கேட்க வயந்தமாலை வருகிறாள். மாதவி அவளிடம் கோவலன் பட்ட பாட்டைச் சொல்கிறாள். மகள் மணிமேகலை அங்கே பூத்தொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

அவளை உட்கார வைத்து யாரும் எதையும் சொல்லவில்லை. பெரியவர்கள் பேசுவது அவள் காதில் விழுகிறது. கை பூவில், காது பேச்சில். தகப்பனும், தான் தாயென்று கருதும் கண்ணகியும் பட்ட துயரம் கேட்டுக் கண்ணீர் பெருகி, தொடுத்த மாலையில் விழுகிறது. மாதவி மகளின் கண்ணைத் துடைக்கிறாள். கண்ணீர் பட்டதால் மாலை தூய்மை இழந்தது, வேறு பூக் கொண்டு வா என்று அனுப்புகிறாள். மூன்றாவது காதையான 'மலர்வனம் புக்க காதை' இப்படித் தொடங்குகிறது. அந்தப் பூவுக்காகப் போன இடத்தில்தான் அடுத்தடுத்து எல்லாம் நடக்கின்றன. உதயகுமரன் பின்தொடர்வதும், மணிமேகலா தெய்வம் அவளை மணிபல்லவத் தீவுக்கு எடுத்துப் போவதும், அமுதசுரபி கைக்கு வருவதும் அதற்குப் பிறகுதான். அந்தக் கண்ணீர் மாலையில் விழாமல் இருந்தால் காப்பியமே நகர்ந்திருக்காது.

நம் வீடுகளிலும் பிள்ளைகள் சாவைப் பற்றி இப்படித்தான் தெரிந்துகொள்கிறார்கள். மூலையில் உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதுகிற மாதிரி இருப்பார்கள். பெரியவர்கள் பேசுவது ஒன்று விடாமல் காதில் விழும். 'பிள்ளைக்கு என்ன தெரியும்' என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நோட்டைத் திறந்து பார்த்தால் ஈரம் தெரியும்.

இரண்டு பிள்ளைகள், ஒரு பாத்திரம்

அமுதசுரபி எங்கிருந்து வந்தது? அதற்கும் ஒரு பிள்ளையின் கதை இருக்கிறது. ஆபுத்திரன் பெற்ற தாயால் ராத்திரியில் தோட்டத்தில் விடப்பட்டவன். பசு ஒன்று நக்கிக் கொடுத்து ஏழு நாள் பாலூட்டியது. இளம்பூதி என்ற அந்தணன் எடுத்து வளர்த்தான். வேள்வியில் வெட்டக் கட்டியிருந்த பசுவை ஆபுத்திரன் அவிழ்த்து விட்டபோது, பிடித்து அடித்தார்கள். 'புலை' என்ற சொல்லால் வைதார்கள். அவன் பிறப்பைத் தோண்டிப் பேசினார்கள். உங்கள் முனிவர்களின் பிறப்பு எப்படிப்பட்டது என்று அவன் திருப்பிக் கேட்டான். வளர்த்த தகப்பனும் கைவிட்டான். இப்படி இரண்டு முறை பெற்றோரை இழந்தவன் மதுரைக்கு வந்து, பிச்சை எடுத்ததைக் கண் தெரியாதவர்க்கும், காது கேளாதவர்க்கும், ஆதரவற்றவர்க்கும் கொடுத்து, மிச்சத்தை உண்டு, பிச்சைப் பாத்திரத்தைத் தலைக்கு வைத்துப் படுத்தான். அவனுக்குத்தான் சிந்தாதேவி அமுதசுரபியைக் கொடுத்தாள்.

அவன் இறந்தபிறகு அந்தப் பாத்திரம் மணிபல்லவத்துக் கோமுகிப் பொய்கையிலிருந்து மணிமேகலைக்குக் கிடைக்கிறது. தாய் விட்டுப் போன பிள்ளையின் கையிலிருந்து தகப்பன் கொல்லப்பட்ட பிள்ளையின் கைக்கு ஒரு சோற்றுப் பாத்திரம் வருகிறது. இதைச் சாத்தனார் எங்கும் விளக்கிச் சொல்லவில்லை. இரண்டு கதைகளையும் வரிசையில் வைக்கிறார். கேட்கிறவர்களே சேர்த்துக்கொள்கிறார்கள்.

மணிமேகலை அந்தப் பாத்திரத்தால் ஊரின் பசியாற்றுகிறாள். சிறையிலிருப்பவர்களுக்குச் சோறிடுகிறாள். அரசனிடம் கேட்டு அந்தச் சிறைச்சாலையையே அறச்சாலையாக மாற்றுகிறாள். அவளுடைய தகப்பன் அரசாணையில் கொல்லப்பட்டவன் என்பதை இங்கே நினைவில் வையுங்கள். குற்றவாளி என்று முத்திரை குத்தப்பட்டவர்களைத் தேடிப் போய் அவள் சோறு போடுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அதற்காக அவள் துக்கம் தீர்ந்துவிட்டதா? இல்லை. 26ஆவது காதையில் வஞ்சிக்குப் போகிறாள். கண்ணகிக்கும் கோவலனுக்கும் படிமம் இருக்கும் கோயிலில் நின்று அழுகிறாள். அழுதபடி கண்ணகியிடம் கேள்வி கேட்கிறாள். மூன்றாம் காதையில் விழுந்த கண்ணீர் 26ஆம் காதையிலும் விழுகிறது. நடுவில் எத்தனையோ பேருக்குச் சோறு போட்டாயிற்று. துக்கத்தை மறந்தால்தான் வாழ முடியும் என்று பிள்ளைகளுக்கு நாம் சொல்கிறோம். மணிமேகலை மறக்கவில்லை. அழுதுகொண்டே வேலை செய்தாள்.

ஒரு மறுப்பு

இங்கே நான் சாத்தனாரோடு முரண்படவும் வேண்டும். மணிமேகலையின் கேள்விக்குக் கண்ணகியின் படிமம் சொல்லும் பதில் முற்பிறவி வினை. போன பிறவியில் கோவலன் செய்த ஒரு கொலையால் இந்தப் பிறவியில் கொல்லப்பட்டான் என்கிறது. இந்தப் பதிலை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல முடியாது. சேரியில் பிறந்ததற்கும் இதே காரணத்தைத்தானே நமக்குச் சொன்னார்கள்? அம்பேத்கர் 1957இல் வெளிவந்த தம் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில், முற்பிறவி வினை என்ற கருத்தைப் புத்தரின் போதனையாக ஏற்க மறுத்தார். கேள்வியை மணிமேகலையிடமிருந்து எடுத்துக்கொள்வோம். பதிலை அம்பேத்கரிடம் தேடுவோம்.

அவரும் தாயை இழந்த பிள்ளைதான். 1891இல் பிறந்தவர். தாய் பீமாபாய் இறந்தபோது அவருக்கு ஐந்து வயதுக்கு மேல் அதிகமில்லை. 'வெயிட்டிங் ஃபார் எ விசா' என்ற தன்வரலாற்றுக் குறிப்பில், சதாராவில் இருந்தபோது தாய் இறந்ததைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டு நகர்கிறார். அத்தையின் பொறுப்பில் இருந்த பிள்ளைகள் 1901இல் கோரேகாவில் வேலையிலிருந்த தகப்பனைப் பார்க்கக் கிளம்புகிறார்கள். மசூர் ரயில் நிலையத்தில் இறங்கியதும், மகர் சாதி என்று தெரிந்து எந்த வண்டிக்காரனும் ஏற்ற மறுக்கிறான். இரட்டிப்புக் கூலி கொடுத்து, பிள்ளைகளே வண்டியை ஓட்ட, வண்டிக்காரன் நடந்து வருகிறான். சோறு கையில் இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் தருவார் இல்லை. அந்த ராத்திரியை அவர் அடுக்கடுக்காக விவரிக்கிறார்.

தாயின் சாவுக்கு அவ்வளவு சுருக்கம், தாகத்துக்கு அவ்வளவு விரிவு. என் வாசிப்பில் இரண்டும் ஒரே கதை. தாய் இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் தனியாகப் போயிருக்க மாட்டார்கள். சாதி இல்லாவிட்டால், தனியாகப் போனாலும் தண்ணீர் கிடைத்திருக்கும். நம் பிள்ளைகளின் இழப்பைச் சொல்லும்போது இந்த இரண்டாவது பாதியை விட்டுவிடக் கூடாது.

"சாமிகிட்ட போயிட்டார்"

மலக்குழியில் இறங்கி விஷவாயு தாக்கிச் செத்தவர்களின் வீடுகளுக்கு நம்மில் பலர் போயிருக்கிறோம். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தது. 1993 முதல் அப்படி இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்க 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. பணத்துக்காக மனு எழுதுகிறோம், அலைகிறோம். அது செய்ய வேண்டியதே. ஆனால் அந்த வீட்டுப் பிள்ளை "அப்பா எங்கே?" என்று கேட்டால் "சாமிகிட்ட போயிட்டார்" என்கிறோம்.

அந்தப் பிள்ளை பின்னால் அதை என்னவென்று புரிந்துகொள்ளும்? நல்ல அப்பாக்களைச் சாமி எடுத்துக்கொள்ளும் என்றா? இல்லை, நாம் ஏதோ தப்புச் செய்ததால்தான் அப்பா போனார் என்றா? பிள்ளைகள் இப்படித் தங்கள் மேலேயே பழியைப் போட்டுக்கொள்வது உண்டு. அதற்குப் பதில் நடந்ததைக் கதையாகச் சொல்லலாம். உங்கப்பா நல்லாப் பாட்டுப் பாடுவார். ஒரு நாள் ஒரு குழிக்குள் இறங்கச் சொன்னார்கள். அங்கே காற்று விஷமாக இருந்தது. இறங்கச் சொன்னவர்கள் சட்டத்தை மீறினார்கள். உன் மேல் தப்பில்லை, உங்கப்பா மேலும் தப்பில்லை. இனி யாரும் இறங்கக் கூடாது என்று நாங்கள் சண்டை போடுகிறோம்.

இதில் ஒரு கதைப்பாட்டுக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது. செத்தவர் யார், என்ன நடந்தது, யார் பொறுப்பு, அப்புறம் என்ன. நம் மன்றம் நடத்தும் இரவுப் பள்ளிகளில் அப்பாவையோ அம்மாவையோ இழந்த பிள்ளைகள் ஒவ்வொரு வருஷமும் வருகிறார்கள். அவர்களை அழு என்றும் சொல்ல வேண்டாம், அழாதே என்றும் சொல்ல வேண்டாம். ஒரு கதை சொல்லுங்கள். கூத்து நடந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் தங்கள் அப்பாவின் கதையைப் பாட்டாகக் கட்ட விரும்பினால், எதுகை மோனை பார்க்காமல் தாளம் போட்டுக் கொடுங்கள். நடுவில் எழுந்து விளையாடப் போனால் விடுங்கள். திரும்பி வருவார்கள். வரும்போது "அப்புறம்?" என்று கேட்பார்கள். அப்போது நாம் அங்கே இருக்க வேண்டும்.

வாத்தியார் இறந்த அன்று நான் போனேன். அவருடைய பேரன், ஏழு வயசு, வாசலில் சைக்கிள் டயரை ஓட்டிக்கொண்டிருந்தான். யாரோ அதட்டினார்கள். நான் தடுத்தேன். சாயங்காலம் அவன் என் பக்கத்தில் வந்து நின்று, "தாத்தாவோட கிரீடத்த யாரு வெச்சிக்கப் போறாங்க?" என்று கேட்டான். உட்காரச் சொல்லி, போளூர் பக்கத்தில் ஒரு கருமாதி ராத்திரியில் அவன் தாத்தா கர்ணன் வேஷம் கட்டிய கதையைச் சொல்ல ஆரம்பித்தேன்.